கங்கம்மாவின் செக்கு

மார்ச் மாதக் கணக்கும் ஒத்துவரவில்லை. சுரங்கக் கம்பெனியின் ரொக்கப் புத்தகத்தைவிடப் பெங்களூர் பாங்கியின் கணக்கில் ஐம்பது ரூபாய் கூடுதலாகவே இருந்தது. காரணம் குமாஸ்தா ஏனோக்குக்குத் தெரியும். அக்டோபரில் எழுதிய ஒரு செக்கை இன்னும் யாரும் மாற்றவில்லை. பாறை சரிந்து இறந்த தசரதனின் மனைவி கங்கம்மாவுக்கு நஷ்டஈடாகக் கம்பெனி கொடுத்த செக்கு அது.

"ஆறு மாசம் ஆனா செல்லாது. திரும்ப வரவுல எழுதிடுப்பா, கணக்கு நேராயிடும்" என்றார் தலைமைக் குமாஸ்தா சௌந்தரராஜன்.

ஆறு மாசம் முடிய நாலு நாள்தான் இருந்தது. ஏனோக் பேனாவை வைத்துவிட்டு ஊரிகத்தில் சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீடுகளுக்கு நடந்தான்.

நெற்றியில் குங்குமமும் கை நிறைய வளையலுமாகக் கங்கம்மா கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். செக்கு என்றதும் முறம் நின்றது.

"அத்த மாத்தினா, என் ஊட்டுக்காரு செத்துட்டாருன்னு நானே ரேகை வெச்சா மாரி ஆவாதா அய்யா? பொணத்த யாரு பாத்தா? சொரங்கத்துல அந்த லெவலயே மூடிட்டாங்க. வேற வழியா ஏறி எங்கனா போயிருப்பாரு. வருவாரு."

பாறை சரிந்ததும் உள்ளே தேடப் போன சாம்ராஜ் ஆபீசுக்கு வந்து சொன்னதை எழுதிக்கொண்டவன் ஏனோக்தான். அவளிடம் சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை.

"சாம்ராஜ் பாத்தாரும்மா. பாறைக்கு அடியில ஒரு காலு தெரிஞ்சுதாம். கிட்ட போறதுக்குள்ள மறுபடியும் சரிஞ்சிடுச்சு."

"எந்தக் காலு?"

"இடது காலு. சுண்டு விரலு இல்லயாம்."

கங்கம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "சோளம் அறுக்கறப்போ போச்சி அந்த விரலு. நான்தான் மஞ்சள் வெச்சிக் கட்டினேன்." நிமிர்ந்து கேட்டாள்: "இத்தினி நாளா ஏன் யாரும் சொல்லல?"



அவளே உள்ளே போய்ச் செக்கை எடுத்துவந்து, மை தடவிய கட்டைவிரலை அழுத்தினாள். ஏனோக் அதை வாங்கிக்கொண்டு தெருமுனையைத் தாண்டும் முன்பே வளையல் உடையும் சத்தமும், தொடர்ந்து அவள் ஓலமும் கேட்டன. லைன் பெண்கள் அவள் வீட்டை நோக்கி ஓடினார்கள்.

பாங்கியிலிருந்து பணம் வந்ததும் கொண்டுபோய்க் கொடுத்தான். வெறும் நெற்றியோடு நின்றவள் எண்ணிப் பார்க்காமலே முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"நீங்க வராமலே இருந்திருக்கலாம் அய்யா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

மறுநாள் அவள் சொந்த ஊரான குடியாத்தத்துக்கு ரயிலேறிவிட்டாள்.

ஏப்ரலில் இரண்டு கணக்கும் காசு பிசகாமல் ஒத்துப்போயின. சௌந்தரராஜன் பாராட்டினார். ஏனோக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். அந்த லைன் பக்கம் அதற்குப் பிறகு அவன் போனதேயில்லை.