மூக்குத் தடம்

கண்ணாடிக் கடைக்காரர் தன் தாயின் மூக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா போய் ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. காலையில் செய்தித்தாளை விரித்துப் படித்துக்கொண்டே நாற்காலியில் சாய்ந்தவள், மூக்கில் கண்ணாடியோடு அப்படியே போய்விட்டாள். டாக்டர் வந்து கையைப் பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனதும், கடைக்காரரின் மனைவி முதலில் சொன்ன வார்த்தை இதுதான்: "ஐயய்யோ, கண்ணாடியைக் கழட்டுங்க, பிரார்த்தனைக் கூடத்துக்காரங்க வந்துடப் போறாங்க!" அழுகையெல்லாம் அதற்கப்புறம்தான்.

கழற்றி அவர் சட்டைப் பையில் போட்டாயிற்று. ஆனால் கண்ணாடி உட்கார்ந்திருந்த இடத்தில், மூக்கின் இரண்டு பக்கமும், ஆழமாக இரண்டு பள்ளம். உயிரோடு இருப்பவர்களுக்கே அது லேசில் மறையாது.

"பவுடர் போட்டுப் பாக்கட்டுமா?" என்றாள் மனைவி.

"போட்டா இன்னும் எடுப்பாத் தெரியும். முப்பது வருஷமா மூக்கு பாத்துப் பிழைக்கிறவன்டி நான்."

விஷயம் இதுதான். ஆறு வருடத்துக்கு முன்னால், தெருமுனைப் பிரார்த்தனைக் கூடத்தில், பாட்டும் கைதட்டலுமாக எல்லாரும் உருகிக்கொண்டிருந்த நேரத்தில், அம்மா எழுந்து நின்று, "எனக்குக் கண்ணு தெரியுது!" என்று கத்திக் கண்ணாடியைக் கழற்றிக் காணிக்கைக் கூடையில் போட்டுவிட்டாள். அந்த நிமிஷம் அவளுக்கு நிஜமாகவே தெரிந்ததாம். மறுநாள் காலை காபியில் உப்பை அள்ளிப் போட்டாள். அதற்குள் கூடத்தை நடத்தும் பெரியவர், ஊரே 'அண்ணா' என்று கூப்பிடும் மனிதர், அம்மா படத்தோடு நோட்டீஸ் அடித்துவிட்டார். அப்புறம் எங்கே இறங்குவது? மகன் ரகசியமாகப் புதுக் கண்ணாடி செய்து கொடுத்தார். வாசலில் மணி அடித்தால் அது சோப்புத்தூள் டப்பாவுக்குள் போய்விடும்.

வருடா வருடம் அம்மா மேடையேறி, வெறுங்கண்ணால் வேதத்தில் ஒரு பக்கம் வாசிப்பாள். மனப்பாடம்தான். ஒரு வருடம் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கணீரென்று வாசித்தாள். அண்ணா முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல் பக்கத்தில் போய், ஆசீர்வதிப்பதுபோல அதைத் திருப்பிக் கொடுத்தார். கீழே உட்கார்ந்திருந்த கடைக்காரருக்குக் குப்பென்று வியர்த்தது.

அம்மாவைப் பார்த்து இன்னும் இருபத்தோரு பேர் கண்ணாடியைக் கூடையில் போட்டார்கள். ஒரே மாதத்துக்குள் ஒருத்தி தவிர அத்தனை பேரும் ஒவ்வொருவராகக் கடையின் பின்வாசலுக்கு வந்தார்கள். எல்லாருக்கும் ஒரே வசனம்தான்: "எனக்கு மட்டும்தான் நம்பிக்கை பத்தல போலிருக்கு, வெளிய சொல்லிடாதீங்க." கடைசியாக வந்தவர் அண்ணா.

வராத அந்த ஒருத்தி, தையற்காரி. அம்மாவின் உயிர்த்தோழி. கடைக்காரருக்குச் சித்தி, அம்மா வைத்த முறை. அவள் கண்ணாடியை மட்டுமா போட்டாள்? கண் அழுத்தத்துக்கு டாக்டர் கொடுத்த சொட்டு மருந்தையும் நாலு மாதத்துக்கு முன்னால் கூடையில் போட்டுவிட்டாள். சொட்டு மருந்தை நிறுத்தினால் போகிற பார்வை திரும்பாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கடைக்காரரும் கெஞ்சிப் பார்த்தார். "உங்கம்மாவுக்கு வந்தது எனக்கு வராதா தம்பி?" என்று கேட்டாள்.

போன வாரம்தான் அம்மாவோடு சண்டை போட்டார். "பொய் சொல்றது பாவம்னு நீதானேம்மா சொல்லிக் கொடுத்தே?"

"எனக்காகச் சொன்னாப் பாவம். கடவுளுக்காகச் சொன்னா அது தொண்டுடா."

"சித்திக்குக் கண்ணு போயிடும்மா!"

அம்மா செய்தித்தாளை மடித்து வைத்தாள். பிறகு அவர் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். "எனக்குக் கண்ணு தெரியலன்னு சொன்னா அந்தக் கூடமே சரிஞ்சிடும். நூறு பேர் எதைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க? வாயைத் திறக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு." பண்ணித் தொலைத்தார்.

கூடத்துக்காரர்கள் வந்து அறையை நிறைத்தார்கள். அண்ணா வேதப் புத்தகத்தோடு அம்மாவைக் கிடத்தியிருந்த கட்டிலின் தலைமாட்டில் நின்று, "இருட்டை ஜெயிச்ச கண்ணு இது!" என்று ஆரம்பித்தார். இருபது பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் தையற்காரி வந்தாள். நாற்காலியில் முட்டி, ஆள்களைத் தடவி, கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அக்கா..." என்று அம்மாவின் முகத்தைக் கையால் தடவினாள். நெற்றி, புருவம், மூக்கு. மூக்கில் விரல் நின்றது. திரும்பவும் தடவினாள்.

"இது என்ன தம்பி, பள்ளமா இருக்கு?"

கடைக்காரருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அண்ணாவுக்கு எதுவும் ஒட்டவில்லை.

"அக்கா பிரார்த்தனை பண்றப்ப ரெண்டு விரலால மூக்கை அழுத்திப் பிடிச்சுக்குவாங்கம்மா. பக்தியோட அடையாளம்."

"ஆமாமா," என்றது அறை.

"அக்கா எனக்குச் சொல்லவே இல்லையே," என்றாள் தையற்காரி. கண்ணை மூடிக்கொண்டு, தன் மூக்கை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்து, உதட்டை அசைத்து வேண்டத் தொடங்கினாள். பிடித்த பிடியில் மூக்கு சிவந்தது.

சிரிப்புத்தான் வந்திருக்க வேண்டும். கடைக்காரருக்கு வரவில்லை. மன்னிச்சுக்கோம்மா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

"கையை எடுங்க சித்தி. அது கண்ணாடித் தடம். அம்மாவுக்குக் கண்ணு தெரியவே இல்ல. ஆறு வருஷத்துல நாலு கண்ணாடி நான்தான் செஞ்சு கொடுத்தேன்."

"பெத்தவ போன துக்கம்," என்றார் அண்ணா உடனே. "பாவம், புத்தி கலங்கிப் பேசறாரு."

"ஆமாமா," என்றது அறை மறுபடியும்.

கடைக்காரர் சுற்றிப் பார்த்தார். எந்த மூக்கைப் பார்த்தாலும் ஜோடிப் பள்ளம். எல்லாம் அவர் கடைச் சரக்கு.

"அண்ணா, உங்க மூக்கைச் சித்தி ஒரு தடவை தொட்டுப் பாக்கட்டுமா?"

அண்ணா ஓரடி பின்னால் நகர்ந்தார். அறையில் ஒவ்வொரு கையாக மூக்குக்குப் போயிற்று, ஏதோ நாற்றம் அடிப்பதுபோல. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

தையற்காரி எந்த மூக்கையும் தொடப் போகவில்லை. அம்மாவின் மூக்குப் பள்ளத்தில் மறுபடி விரலை வைத்தாள்.

"அடிப்பாவி அக்கா," என்றாள். "எனக்குத்தான் நம்பிக்கை பத்தலன்னு தெனம் ராத்திரி அழுதேனே. உனக்குத் தெரியுமே!" மூக்கை உறிஞ்சிக்கொண்டு கடைக்காரர் பக்கம் திரும்பினாள். "கண்ணு டாக்டர்கிட்ட எப்பக் கூட்டிட்டுப் போறே?"

"நாளைக்குக் காலையில முதல் வேலை அதுதான் சித்தி."

"அவ கண்ணாடி எங்க? குடு."

"அது உங்க பவர் இல்ல..."

"குடுடா."

மாட்டிக்கொண்டு குனிந்தாள். "எவ்ளோ நரைச்சுப் போச்சு உனக்கு," என்றாள். பார்வை மெல்ல இறங்கி அம்மாவின் சட்டையில் நின்றது. போன மாதம் அவள் தைத்துக் கொடுத்த சட்டை. ஒரு கை மணிக்கட்டு வரை இருந்தது. மற்றது நாலு விரல் மேலேயே நின்றுவிட்டது. தையல் கோணல்மாணலாக ஓடியிருந்தது.

"அருமையாத் தச்சிருக்கேன்னாளே!" என்றாள். "இதையா போட்டுக்கிட்டு நாலு பேர் முன்னால சுத்தினா?"

"கழட்டவே மாட்டாங்க சித்தி," என்றாள் மருமகள். "துவைச்சுக் காயறதுக்குள்ள எடுத்துப் போட்டுக்குவாங்க."

தையற்காரி கோணல் தையலை விரலால் நீவினாள். ஊசி நூல் கேட்டாள். மருமகள் கொண்டுவந்து கொடுத்தாள். அண்ணா நேரமாகிறது என்று தொண்டையைக் கனைத்தார். அவள் நிமிரவில்லை. நூல் முனையை நாக்கில் நனைத்து, ஊசியை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். முதல் தடவை தவறியது. இரண்டாம் தடவை நூல் உள்ளே போனது. கட்டில் ஓரமாக உட்கார்ந்து, அம்மாவின் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, சட்டையின் நீளமான கையை மடித்து அளவு பார்க்கத் தொடங்கினாள்.