செவ்வாய்க்கிழமை அளவுகள்

பாசிர் கூடாங் தொழிற்சாலையின் டீசல் எஞ்சினைச் சுபத்திரா முழுக்க எரிவாயுவுக்கு மாற்றியிருந்தாள். அதற்கு டீசலே வேண்டாம், ஸ்பார்க் பிளக் பற்றவைக்கும். பண்டார் தெங்காரா செம்பனை எண்ணெய் ஆலையில் ஹேமநாதன் கவனித்த எஞ்சின் வேறு ரகம். வாயு காற்றோடு கலந்து உள்ளே போகும். கொஞ்சம் டீசல் தீ மூட்டும். வாயு லாரி வராவிட்டால் பழையபடி டீசலிலேயே ஓடும். இரண்டையும் ஒப்பிட்டு அறிக்கை தருவது அவள் வேலை.

அதற்காகச் செவ்வாய்தோறும் நாலு மணிக்கு ஹேமநாதன் போன் செய்து அளவுகளை வாசிப்பான். அது முடிந்ததும் மழையைப் பற்றியும், தனியாளாய் அவன் வைத்த சாம்பாரைப் பற்றியும் பத்து நிமிடம் பேச்சு ஓடும். நாற்பத்தொரு வயதில் ஒரு குரலுக்காகத் தலைவாரிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அசட்டுத்தனம்தான். தெரிந்தும் வாரினாள். வேலை இல்லாமல் ஓர் ஆணுக்குப் போன் போடும் பழக்கம் அவள் வீட்டில் யாருக்கும் கிடையாது.

அறிக்கை போய் ஒரு மாதம் ஆகிவிட்டது. குழாயில் வாயு வரும் பாசிர் கூடாங்குக்குத் தன் எஞ்சின், லாரியை நம்பிய தெங்காராவுக்கு அவன் எஞ்சின், அதது அங்கங்கேயே இருக்கட்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டபோது, இனி செவ்வாய்க்கிழமை போனுக்குக் காரணம் இல்லை என்று அவளுக்குப் புரிந்தது. அறிக்கை போனதை ஹேமநாதனிடம் சொல்லவில்லை. “மழை நாள் ரீடிங் இன்னும் கொஞ்சம் வேணும்” என்று மட்டும் சொல்லிவைத்தாள்.

இன்று செவ்வாய். மத்தியானம், இங்கிருந்து தெங்காரா ஆலைக்கு வாயு லாரி ஓட்டும் அர்ச்சுனன் கேன்டீனில் சொன்னான்: “தெங்காரா பக்கம் போயே மூணு வாரம் ஆச்சுக்கா. அந்த எஞ்சின் பழுதாகி, கழட்டிப் பட்டறைக்கு அனுப்பிட்டாங்க.”

அவள் கையில் இருந்த தே தாரிக் தேநீர் ஆறிப்போனது. அப்படியென்றால் மூன்று வாரமாக அவன் வாசித்தது என்ன? இன்றும் கூப்பிடுவானா? அதன்பின் அவளுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

சரியாக நாலுக்குப் போன் அடித்தது.

“புகைச் சூடு நானூத்தி பன்னெண்டு, மிஸ். டீசல் முப்பத்தொரு சதவீதம்.”

அவள் நோட்டின் முதல் பக்கத்தைப் புரட்டினாள். முதல் செவ்வாய் அவன் சொன்ன அதே எண்கள். பாவி, புதிதாக ஒரு பொய் சொல்லக்கூடத் தெரியவில்லை. அவளுக்குக் கண் கலங்கியது.

“எழுதிக்கிட்டீங்களா?”

“ம். ஹேமநாதன், சனிக்கிழமை நான் நேர்ல வரேன்.”

அந்தப் பக்கம் காகிதம் மடிக்கும் சத்தம் கேட்டது.

“எஞ்சின் இங்க இல்லைங்க, மிஸ்.”

“தெரியும். நானும் ரிப்போர்ட் குடுத்து ஒரு மாசம் ஆச்சு.”

“எத்தனை மணிக்கு வருவீங்க?” என்று கேட்டான்.

“நாலு மணிக்கு.”