கடனே வாங்காதவரின் ஸ்கோர்

சோபாக்காரருக்கு ஒரு பெருமை உண்டு. எப்பேர்ப்பட்ட பழைய சோபாவையும் பிரித்து, உள்ளே கிடக்கும் சீப்பு, சில்லறை, தொலைந்த சாவி எல்லாவற்றையும் உரியவரிடம் கொடுத்துவிட்டு, புது ரெக்ஸின் தைத்துப் பளபளவென்று ஆக்கிவிடுவாரே, அந்தப் பெருமை இல்லை. அது தொழில். பிறந்ததிலிருந்து யாரிடமும் கடன் வாங்கியதில்லை என்பதுதான் பெருமை. கடைக்கு வருகிற ஒருவரையும் இதைச் சொல்லாமல் திரும்ப விடமாட்டார்.

"எங்க வீட்ல ஒரு ஸ்பூன்கூடக் கடன்ல வந்ததில்லை சார். கடன் இருந்தா எனக்குச் சோறு இறங்காது!"

அந்தப் பெருமைக்கு ஆப்பு வைத்தது பாங்க். அவர் வாடகைக்கு இருந்த கடையின் சொந்தக்காரர் மகளோடு போய் இருக்கப் போவதால் இடத்தை விற்க முடிவெடுத்திருந்தார். "இருபது வருஷமா இருக்கீங்க, உங்களுக்குத்தான் முதல்ல. ஒரு வருஷம் பொறுக்கறேன். முடியலைன்னா வெளியாளுக்குக் கொடுத்துடுவேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். அந்தத் தெருமுனையைவிட்டு நகர்ந்தால் வாடிக்கை பாதி கரைந்துவிடும். ஐம்பதைத் தாண்டிய பிறகு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க அவருக்குத் தெம்பு இல்லை. வேறு வழியில்லாமல், கடையை வாங்கக் கடன் கேட்டுப் பாங்குக்குப் போனார்.

கடன் பிரிவு மேடம் கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டு, "சார், உங்களுக்கு கிரெடிட் ஸ்கோரே இல்லையே" என்றார்.

"எப்படி இருக்கும்? நான்தான் கடனே வாங்கினதில்லையே!"

"அதான் சார் பிரச்சினை. வாங்கி ஒழுங்கா கட்டினவங்கன்னா நம்பிக் கொடுக்கலாம். நீங்க எப்படின்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

யோக்கியனாக இருந்ததற்கு இதுதான் கூலியா என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கடை வேண்டுமே. மேடம் சொன்னபடி ஒரு கிரெடிட் கார்டு வாங்கிக்கொண்டார். கொஞ்சமாகச் செலவு செய்ய வேண்டும், பில் வந்ததும் தேதி தவறாமல் கட்ட வேண்டும், ஸ்கோர் மெல்ல ஏறும்.

காலையில் கார்டைத் தேய்த்து ஆணியும் நூலும் வாங்குவார். மத்தியானம் சோறு இறங்காது. சாயங்காலம் பாங்குக்கு ஓடி அந்தப் பணத்தைக் கட்டிய பிறகுதான் மூச்சு வரும். கவுண்ட்டரில் இருந்தவர் இவர் தலையைக் கண்டதுமே எழுந்து தண்ணீர் குடிக்கப் போக ஆரம்பித்தார்.

சில மாதம் கழித்து மேடமே கூப்பிட்டுச் சொன்னார். "பில் போடறதுக்கு முன்னாடியே கட்டிடறீங்களே சார்! ஸ்கோர் போடறவங்களுக்கு மாசாமாசம் உங்க பேர்ல கடன் சைபர்னுதான் போகுது. கடனைக் கொஞ்ச நாள் வச்சிருங்க."

"எங்க மேடம் வச்சுக்கறது? நெஞ்சு மேலயா?"

மருந்துக்கடையில் பில் போடும் அவர் மனைவி இதைக் கேட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கார்டைப் பிடுங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். "வேணுங்கறப்போ நான் தரேன். பில் வர்ற வரைக்கும் பாங்குப் பக்கம் தலை வச்சுப் படுக்கக்கூடாது, சொல்லிட்டேன்."

பில் வருவதற்குள் மனிதர் பாதியாய் இளைத்துவிடுவார். ஆனால் ஸ்கோர் என்று ஒன்று முளைத்தது. அறுநூறைத் தாண்டியது. எழுநூறை எட்டிப் பார்த்தது. கடன் வாங்காத பெருமையைப் பேசிவந்த அதே வாய் இப்போது, "எழுநூத்தி முப்பது சார், போன மாசத்தைவிட அதிகம்!" என்று ஸ்பாஞ்சு விற்பவரிடமெல்லாம் பீற்றியது.

வருஷம் முடிகிற நேரம். "நல்லா ஏத்திட்டீங்க சார்" என்றார் மேடம். "ஆனா இவ்வளவு பெரிய தொகைக்கு இந்தக் கொஞ்ச நாள் பழக்கம் போதாது. வீட்ல யாராவது சேர்ந்து கையெழுத்துப் போட்டா பார்க்கலாம்."

அவருக்குக் கடை கைவிட்டுப் போய்விட்டது என்றே தோன்றிவிட்டது. வீட்டில் இருப்பவளும் ஒரு பைசா கடன் வைக்காதவள். அவளுக்கு மட்டும் ஸ்கோர் எங்கிருந்து வரும்? ஒப்புக்கு மறுநாள் கூட்டிக்கொண்டு போனார்.

மேடம் கம்ப்யூட்டரைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார். "எண்ணூத்திப் பன்னெண்டு! எனக்கே இவ்வளவு இல்லைம்மா."

"வேற யாரோடதையோ பார்க்கறீங்க மேடம்" என்றார் சோபாக்காரர்.

"இல்லை சார். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், லாப்டாப், தையல் மெஷின். எல்லாம் தவணையில எடுத்திருக்காங்க. ஒண்ணுகூடத் தவறலை."

தையல் மெஷின் என்றதும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. பத்து வருஷமாக ரெக்ஸின் தைத்துச் சோறு போடுவது அந்த மெஷின்தான். "சேத்து வச்ச காசுன்னு சொன்னியேடி!"

"சம்பளத்துல சேத்துதான் கட்டினேன். முதல்ல வாங்கிட்டு அப்புறம் சேத்தேன், அவ்வளவுதான். கடன்னு சொன்னா நீங்க பட்டினி கிடப்பீங்களே."

அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தான் பேர் கேட்டாலே நடுங்கியதை இவள் இத்தனை வருஷம் வாய் திறக்காமல் சுமந்திருக்கிறாளே. "தனியா எப்படித் தாங்கினே?"

"தாங்க என்ன இருக்கு? தேதி வந்தா கட்டுவேன். கட்டினதும் மறந்துடுவேன். தூக்கம் வராம புரண்டது நீங்கதான்."

மேடம் நீட்டிய காகிதங்களை அவள் ஒரு வரி விடாமல் படித்தாள். "இந்த ஸ்கோருக்கு வட்டி கொஞ்சம் குறையணுமே மேடம்?"

காரியம் கெட்டுவிடப் போகிறதே என்று அவர் மேஜைக்கு அடியில் அவள் காலை மிதித்தார். அவள் காலை நகர்த்திக்கொண்டாள். மேடம் மேனேஜர் அறைக்குப் போய்த் திரும்பிவந்து, "கால் சதவீதம் குறைச்சிருக்கோம்மா" என்றார். அவள் முதலில் கையெழுத்துப் போட்டாள். அதற்குக் கீழே அவர் போட்டார். கடை தங்களுடையது என்பதைவிட, அவள் பேருக்குக் கீழே தன் பேர் இருப்பது அவருக்கு அன்று பெருமையாக இருந்தது.

வெளியே வந்ததும் பெருமூச்சு விட்டார். "அப்பாடா, கடை நம்மளுது. இத்தோட கடன் பேச்சே வேண்டாம்."

"பக்கத்துக் கடையையும் நம்ம ஓனர் விக்கப் போறாராம்" என்றாள் மனைவி. "நடுச்சுவரை எடுத்துட்டா பெரிய சோபாவையெல்லாம் வெயில்ல போட்டுப் பிரிக்க வேண்டாம்."

சோபாக்காரர் நடுத்தெருவில் நின்றுவிட்டார். என்ன கத்து கத்தப் போகிறாரோ என்று அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தயாரானாள். அவர் மனசுக்குள் அந்தச் சுவரை இடித்து, இந்தப் பக்கம் நீள சோபாவையும் அந்தப் பக்கம் மெஷினையும் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு சொல்றார்?" என்று கேட்டார்.