போவா, நோவா

1

"நோன்னுதான் கத்துனீய அத்தான், மைதானத்துல அத்தன பேரும்..."

"எலே, போன்னு சொன்னேம்ல. ஒனக்குக் காது..."

"என் காதச் சொல்லாதீய. நீங்க சொன்னது நோ."

"போ!"

"இந்தா, இப்பச் சொன்னதும் நோன்னுதான் கேக்கு."

இந்தக் கதையில் எனக்கு இலவசமாகக் கிடைத்தது இவ்வளவுதான். அறுபத்து நாலாம் வருஷம் பம்பாயில், மாட்டுங்காவிலிருந்து மாஹிம் போகும் பஸ்ஸில், முன் ஸீட்டில் இரண்டு ஆட்கள், நடுவில் ஒரு கிரிக்கெட் மட்டை. தாராவியில் இறங்கிவிட்டார்கள். முகம் பார்க்கவில்லை. எனக்குக் கதை குரலாகத்தான் வரும். முகத்தைப் பிறகு தேடிக்கொள்வேன். பெரியவருக்குச் சேசுராஜ் என்று பெயர் வைத்தேன். சின்னவன் அவர் மனைவியின் தம்பி தனசீலன். ஒரே கம்பெனி, ஒரே கிரிக்கெட் டீம்.

2

மாட்டுங்கா மைதானத்தில் மாலை வெயில் மெல்லச் சாய்ந்து...

வேண்டாம். வெயிலுக்கு இங்கே வேலையில்லை.

கோப்பையை வென்றால் டீமிலுள்ள டெம்பரவரி ஆட்களைப் பர்மனென்ட் ஆக்குவதாக மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார். சேசுராஜ் பர்மனென்ட். தனசீலன் டெம்பரவரி; தோற்றால் அந்த மாசத்தோடு அவன் வேலை முடியும். இறுதி ஆட்டத்தில் ஜெயிக்க மூன்று ரன், கையில் ஒரே விக்கெட். சேசுராஜ் பந்தைத் தட்டிவிட, இருவரும் ஒரு ரன் ஓடினார்கள். இன்னொன்றும் ஓடியிருந்தால் அடுத்த பந்தும் அவருக்கே வந்திருக்கும். ஓடும்போது அவர் அவுட்டாகியும் இருக்கலாம். அவர் ஏதோ கத்தினார். தனசீலன் நின்றுவிட்டான். ஒரு ரன்னில் முனை மாறியதால் அடுத்த பந்து அவனுக்கு. பந்து வீச மட்டுமே தெரிந்த அவன், அதிலேயே போல்டு.

டீம் தோற்றது. சேசுராஜ் நாட் அவுட்.

(கிரிக்கெட் தெரியாதவர்களுக்கு: எடுத்த ரன்களை, அவுட்டான தடவைகளால் வகுத்தால் சராசரி. அவுட்டாகாமல் நின்றுவிட்டால் ரன் கூடும், வகுக்கிற எண் கூடாது. அன்று அவுட்டாகியிருந்தால் சேசுராஜின் சராசரி ஐம்பதுக்குக் கீழே இறங்கியிருக்கும். ஐம்பதுக்கு மேலிருந்தால் பம்பாய் டீம் தேர்வுக்குக் கூப்பிடுவார்கள் என்பது அவர் நம்பிக்கை.)

3

முதல் பிரதியில் அவர் தெரிந்தே 'நோ' என்றார். கதை அங்கேயே முடிந்துபோனது. இரண்டாவதில் 'போ' என்றார், தனசீலன் தப்பாகக் கேட்டான். அதில் கதையே இல்லை. மூன்றாவதில், வாயைத் திறக்கும்போது ஒரு சொல்லும் மூடும்போது இன்னொன்றுமாக இருந்தது; எது வெளியே வந்தது என்று அவருக்கே நிச்சயமில்லை. ஆனால் மைதானத்தை விட்டு வெளியே வருமுன் அவர் மனசு வகுத்து முடித்திருந்தது. ஐம்பத்தொன்று சொச்சம். வாயோரம் வந்த சிரிப்பைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

இந்த மூன்றாவது ஆளைத்தான் வீட்டுக்கு அனுப்புகிறேன்.

4

சேசுராஜின் மனைவி செல்வமேரி இருவருக்கும் சாயா கொடுத்தாள்.

"மேனேஜர்ட்ட நான் பேசுதேன் மாப்ள," என்றார் சேசுராஜ்.

"என்னன்னு பேசுவீய? மச்சினன் செவுடு, மன்னிச்சிருங்கன்னா?"

"வாய் நீளுது ஒனக்கு."

"வேல போனவனுக்கு வேற என்னதான் நீளும்?"

(ஒரு முடிவு: மேனேஜர் மனமிரங்குகிறார். நானே நம்பாததால் அடித்துவிட்டேன். இன்னொன்று: பம்பாய் டீமிலிருந்து சேசுராஜுக்கு அழைப்பு வருகிறது, அன்றைக்கே தனசீலன் ஆண்டாப் ஹில்லில் மூட்டை தூக்க... இது ரொம்பச் சௌகரியமாக இருக்கிறது.)

அது போவா நோவா என்பதை உங்களிடமே விட்டுவிட நினைத்தேன். செல்வமேரி விடவில்லை. அவள் ஓர் ஆட்டமும் பார்த்தவளில்லை.

"ஏல தம்பி, ஓடுனா ரெண்டு பேரும் சேந்துதான் ஓடணுமோ?"

"ஆமாக்கா. ஒராள் மட்டும் ஓடுனா அவுட்டுதான்."

"அப்ப போன்னா ரெண்டு பேரும் ஓடணும். நோன்னா ரெண்டு பேரும் நிக்கணும்."

"அதத்தான்டி நானும் சொல்லுதேன்," என்றார் சேசுராஜ். "போன்னேன். இவன் காதுல விழாம நின்னுட்டான்."

செல்வமேரி அவர் பக்கம் திரும்பினாள்.

"சரி, அவன் காதுல விழல, நின்னான். நீங்க ஏன் நின்னீய?"