மிதந்த பீப்பாய்கள்

முர்மான்ஸ்க் துறைமுகத்து அணுக்கழிவு அலுவலகத்தில் என்னை ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். ஒரு வாய் டீ கூடக் கிடையாது. கடலடியில் கிடக்கும் அணுக்கழிவில் எதை மேலே தூக்குவது, எதை அப்படியே விடுவது என்று அன்று மாலை பட்டியலை முடிக்கிறார்கள். சோவியத் காலத்தில் எங்கள் கப்பல் கழிவுப் பீப்பாய்களைக் கொட்டிய விரிகுடா தூக்கும் பட்டியலில் ஏற வேண்டும். அதற்காகத்தான் போனேன். என் மகன் திமஃபேய் அந்தக் கடலில்தான் மீன் பிடிக்கிறான்.

பொறியாளர் இங்கா லிவோவ்னா சின்ன வயதுக்காரி, மரியாதை தெரிந்தவள். அதுதான் எனக்கு எரிச்சல். சண்டை போடவும் வழியில்லை.

“உங்க விரிகுடாவப் பத்திக் கவலையே வேண்டாம், அர்சேனி நிக்கிஃபரவிச். அந்த இரும்புப் பீப்பாய்ங்க இறுக்கமா மூடியிருக்கு. இன்னும் முந்நூறு வருஷம் தாங்கும்.”

“மூணு நிமிஷம்கூடத் தாங்கலம்மா. தூக்கிப் போட்டா மிதந்துச்சு. மூழ்கவே மாட்டேன்னு அடம் புடிச்சுது. கேப்டன் சுடச் சொன்னார். ரெண்டு பேரு சுட்டாங்க. ஓட்டை வழியா தண்ணி ஏறின பிறகுதான் உள்ள போச்சு.”

அவள் பேனா நின்றது. “எத்தனை பீப்பாய்?”

“மிதந்தது அத்தனையும்.”

ஒரு கோப்பைத் திறந்து என் பக்கம் தள்ளினாள். எங்கள் கப்பலின் பதிவேடு. அதை எழுதியவன் நான்தான். மிதந்ததைச் சுட்டோம் என்று எழுதினால் எல்லோர் தலையும் உருளும். அதனால் ஒவ்வொன்றுக்கும் ‘மூழ்கியது, மூடி பழுதில்லை’ என்று எழுதி வைத்தேன். எனக்கு அழகான கையெழுத்து வேறு.

“இது உங்க கையெழுத்துதானே?”

“என்னுதுதான். ஆனா பொய்ம்மா. நான் எழுதின பொய்.”

“வேற யாராவது வந்து சொல்வாங்களா?”

“கேப்டன் குடிச்சே போய்ச் சேர்ந்தார். சுட்ட ரெண்டு பேரும் ரத்தப் புத்துநோயில போயிட்டாங்க.”

“அப்ப பதிவேட்டத்தான் நாங்க நம்பணும்.”

“ஒரு கேமராவ இறக்கிப் பாருங்களேன்!”

“சந்தேகம்னு இருந்தாத்தான் கப்பல் போகும். பதிவேட்டுல சந்தேகமே இல்லையே. நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க?”

மேசையைத் தட்டிக் கத்தினேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. இத்தனை வருடத்தில் ஓட்டை விழாமல் இருந்தது என் பொய் ஒன்றுதான். தண்ணீரைக் குடித்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்தேன்.

மாலையில் தீர்மானத்தின் நகல் ஒன்றை அவளே கொண்டுவந்து நீட்டினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. எங்கள் விரிகுடாவுக்கு இரண்டே வரி:

‘தூக்கத் தேவையில்லை. பதிவேட்டை எழுதியவரே நேரில் வந்து, கையெழுத்து தன்னுடையதுதான் என்று உறுதி செய்தார்.’