ஐந்தாவது இயந்திரத்துக்குத் தொண்ணூற்றெட்டு

பிலிப்பைன்ஸின் இலோயிலோ நகரத்தில், அட்டர்னி தெல்பின் என்ற வக்கீலின் அலுவலகக் கோப்பறையை ரொசெண்டா முப்பத்தொரு வருடமாகக் காத்துவந்தாள். அங்கே எலிகூட அவளிடம் கேட்டுக்கொண்டுதான் நுழையும். ஜனவரியில் அலுவலகம் சின்ன இடத்துக்கு மாறுகிறது. அங்கே கோப்பறை கிடையாது. ஓய்வூதியம் அறுபதில்தான், அவளுக்கோ ஐம்பத்தெட்டு. நடுவிலுள்ள இரண்டு வருடத்தை அவள் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தபோது அட்டர்னியே கூப்பிட்டார்.

"பழைய கேஸ் காகிதமெல்லாம் கிழிச்சு அழிக்கணும், ரொசெண்டா. நல்ல மெஷினா நீயே பாத்துச் சொல்லு. அப்புறம் அது உன் பொறுப்பு."

அந்தக் கடைசி வார்த்தையை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் புருஷனிடம் ஏழு தடவை சொன்னாள். மெஷின் இருக்கிறவரை வேலை இருக்கும்.

கடைக்காரர்கள் ஆளுக்கொரு வாரம் சோதித்துப் பார்க்க இயந்திரத்தைச் சும்மா விட்டுப்போனார்கள். கூடவே சர்க்கரைப் பாகில் புரட்டிய வாழைப்பழப் பொரியலும் வந்தது. ரொசெண்டா பொரியலைத் தின்றாள், மதிப்பெண்ணில் இரக்கம் காட்டவில்லை.

முதல் இயந்திரம் நூடுல்ஸ் மாதிரி நீளநீளமாகக் கிழித்தது. சாப்பாட்டு இடைவேளையில் அவள் ஒரு திருமண ரத்து வழக்கையே பசை போட்டு ஒட்டி, மனைவியின் குறட்டையைப் பற்றிய பன்னிரண்டு புகார்களையும் ஒன்றுவிடாமல் வாசித்துக் காட்டினாள். பூஜ்யம். இரண்டாவது பொடிப்பொடியாக்கியது. ஆனால் ஐந்து நிமிடம் ஓடினால் நாற்பது நிமிடம் சூடு ஆறப் படுத்துக்கொண்டது. என் மச்சானே தேவலை என்று எழுதிவைத்தாள். மூன்றாவது போட்ட சத்தத்தில் எதிர்த்த தேவாலயத்துப் பாதிரியார் பிரசங்கத்தை மறந்து நேராக ஆசீர்வாதத்துக்குப் போய்விட்டார். நான்காவது குண்டூசி, கிளிப், விற்க வந்தவனின் கழுத்துப்பட்டை எல்லாவற்றையும் விழுங்கியது.

வேறு யாராவது என்றால் பத்துத் தாளைப் போட்டுப் பார்த்து முடித்திருப்பார்கள். ரொசெண்டா அலமாரி அலமாரியாகப் போட்டுத்தான் மதிப்பெண் கொடுத்தாள். வெள்ளிக்கிழமைதோறும் அட்டர்னி எட்டிப் பார்ப்பார். இன்னொரு கம்பெனியையும் பார்த்துவிடலாமே, அவசரமில்லை, நன்றாகச் சோதி என்பார். இத்தனை வருடத்தில் அவள் கருத்தை யாரும் இவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை. அவள் உருகிப்போனாள்.

ஐந்தாவது தங்கம். இருபது தாளை ஒரே வாயில் போட்டாலும் அதன்மேல் படுத்திருந்த பூனை விழிக்கவில்லை. வியாழக்கிழமை அடுத்த கட்டுக்காகக் கையை நீட்டினாள். கை சுவரில் இடித்தது. கடைசி அலமாரியும் காலி.

மறுநாள் ஒன்பது பக்க அறிக்கையை நீட்டினாள். அட்டர்னி அதைப் புரட்டவில்லை. அவள் தோளுக்குப் பின்னால், திறந்துகிடந்த கோப்பறையைப் பார்த்தார்.

"எல்லாம் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது, அட்டர்னி. அஞ்சாவதுதான். கண்ண மூடிட்டு வாங்கலாம்."

"வாங்கி, அதுல எதைப் போடறது, ரொசெண்டா?"

அவளுக்குப் புரிய நேரமானது. அதற்குள் அவர் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்காரச் சொன்னார். முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவை. இந்த மாதக் கடைசியோடு நின்றுகொள்ளலாம் என்பதையும் மிக மரியாதையாகச் சொன்னார்.

வெளியே ஐந்தாவது கம்பெனிப் பையன் இயந்திரத்தைத் திரும்ப எடுக்க வந்து நின்றான். ஒயரைப் பிடுங்கப் போனவனை அவள் கையமர்த்தினாள். அட்டர்னி படிக்காத ஒன்பது பக்கத்தையும் ஸ்டேப்ளர் பின்னோடு அதன் வாயில் வைத்தாள். ஒரு விக்கல்கூட இல்லாமல் இறங்கியது.

"எவ்வளவு மார்க், மேடம்?"

"தொண்ணூத்தெட்டு," என்றாள் ரொசெண்டா. "கலர்தான் பிடிக்கல."