சொர்க்கத்தில் உட்கார மறுத்த பியானோக்காரி

1.

இந்தக் கதை நான் வாங்கிய ஒரு வசவிலிருந்து பிறந்தது.

பிரேசிலில் எங்கள் சாந்தோஸ் நகரத்து 'வெள்ளை நாரை' சாம்பாக் குழு, கார்னிவல்தோறும் ஒரு கதையை எடுத்துக்கொண்டு மேளதாளத்தோடு வீதியில் ஆடிப்போய் மற்றக் குழுக்களோடு போட்டியிடும். இந்த ஆண்டு எடுத்தது, பியானோ மேதை தோனா சுலெய்கா பிரந்தீனி அம்மாளின் வாழ்க்கை. எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஊர்வலத்தின் கடைசி ரதத்தில், மேகங்களுக்கு நடுவே, இறக்கை கட்டி, காகிதப் பியானோவின் முன் அவரைச் சொர்க்கத்தில் உட்காரவைத்தேன். யாரைக் கொண்டாடினாலும் கடைசி ரதம் சொர்க்கம்தான். எங்களுக்கு வேறு முடிவு தெரியாது. அவர் இரண்டு தெரு தள்ளி உயிரோடு இருப்பது எனக்கு உறைக்கவே இல்லை.

"நான் எப்பப்பா செத்தேன்?" என்று தொலைபேசியில் கேட்டார். "சொல்லியிருந்தா கறுப்பு உடுத்திக்கிட்டு நானும் வந்திருப்பேன்ல."

அதற்குமேல் அவர் சொன்னவை அச்சேறாது.

2.

சரி, மறுபடி எழுதினேன்.

"ஏழைக் குடிசையில், பசியோடு…" — அவருடைய அப்பா பல் மருத்துவர். அடித்துவிட்டேன்.

"மூன்று வயதிலேயே அந்தப் பிஞ்சு விரல்கள்…" — மூன்று வயதில் அவை பியானோவுக்குள் சாக்லேட் உருண்டைகளைப் பதுக்கின. எறும்பு வந்தது.

"வியன்னாவில் அவள் மனத்தைக் கவர்ந்த அந்த…" [இதை எழுதக் கூடாது என்றார். பிறகு, "எழுதுனா பேரோட எழுது" என்றார். பெயர் அவருக்கு நினைவில்லை.]

உண்மையில் அவர் வாழ்க்கையில் ஒரே வில்லன் தாளம்தான். அழகான இடம் வந்தால் அங்கேயே நின்றுவிடுவார். வாத்தியக் குழு அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கும். தனியாக வாசித்தால் தெய்வம், கூட்டத்தோடு வாசித்தால் கலவரம். இசைக்குழு நடத்துநர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள்.* பல ஆண்டுகளாக எந்தக் குழுவும் அவரைக் கூப்பிடவில்லை. இதை வேடிக்கையாக எழுதி வாசித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

* ஒருவர் மட்டும் கழன்றுகொள்ளாமல் அவரைக் கல்யாணம் செய்துகொண்டார். கல்யாணத்துக்கும் மணப்பெண் பிந்தித்தான் வந்தார்.

3.

சனிக்கிழமை ஒத்திகைக்கு அவரே வந்துவிட்டார். எல்லோரும் கறுப்பு பீன்ஸும் பன்றிக்கறியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். இறக்கை வேண்டாம், காகிதப் பியானோ வேண்டாம், நிஜப் பியானோ வேண்டும், அது சனங்கள் காதில் விழ வேண்டும் என்றார்.

மேளக்காரர்களின் தலைவர் மேஸ்திரி** ஜுராந்திர் சிரித்தார். "தோனா, இத்தனை மேளம் அடிக்கிறப்ப பியானோ யார் காதுல விழும்?"

"நிறுத்து."

"எதை?"

"மேளத்தை. நடுவுல ஒரு தடவ நிறுத்துவீங்கல்ல, சனங்க மட்டும் பாடுமே. அந்த இடத்த எனக்குக் குடு."

மேஸ்திரி தட்டைக் கீழே வைத்தார். அந்த நிறுத்தம்தான் எங்கள் உயிர். எட்டுத் தாளத்தட்டுக்கு மேளம் மௌனம். முடிந்ததும் மேஸ்திரி கையை இறக்க, எல்லா மேளமும் ஒன்றாக விழ வேண்டும். பிசகினால் நடுவர்கள் மதிப்பெண்ணை வெட்டுவார்கள். இந்த முறை வெட்டினால் கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிடுவோம்.

"அழகப் பாத்து எங்கயாவது நின்னுட்டீங்கன்னா?"

"நிக்க மாட்டேன்."

"ஆயுசு முழுக்க நின்னிருக்கீங்களே."

"அப்ப நின்னா நான் மட்டும்தான் விழுவேன். இப்ப நீங்களும் விழுவீங்க. எனக்கும் வெக்கம்னு ஒண்ணு இருக்கு." கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்: "கூட்டத்தோட வாசிச்சு ரொம்ப நாளாச்சு, ஜுராந்திர்."

மேஸ்திரி என் பக்கம் திரும்பினார். "இந்தம்மாவ நீதான எழுதுன? நீயே மாத்து."

[தோனா சுலெய்கா மனம் மாறி, மிச்சமிருந்த பீன்ஸைச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போ—] இல்லை. அவர் போகவில்லை. மேஸ்திரிதான் இறங்கிவந்தார்.

அடுத்து வந்த ஒத்திகைகளிலெல்லாம் பிந்தினார். கடைசி ஒத்திகையில் முந்தினார். அது இன்னும் மோசம்.

 ** 'மேஸ்திரி' என்ற சொல்லை உங்களுக்குக் கொடுத்ததே எங்கள் போர்த்துகீசிய மொழிதான். திருப்பிக் கேட்க மாட்டோம்.

4.

முடிவு அ: சரியாக முடிக்கிறார். எல்லோரும் அழுகிறார்கள், நடுவர்கள் உட்பட. [நடுவர்கள் அழுவதை எங்கள் ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள்.]

முடிவு ஆ: நின்றுவிடுகிறார். கீழ்ப்பிரிவு. மேஸ்திரி என்னோடு பேசுவதில்லை.

முடிவு இ: எறும்பு.

5.

ரதம் வருகிறது. மேகங்களைப் பிய்த்துவிட்டோம், சொர்க்கம் இப்போது அவர் வீட்டுக் கூடம். இறக்கை இல்லை, மூக்குக் கண்ணாடி இருக்கிறது. மேஸ்திரி கையை உயர்த்துகிறார். மேளங்கள் நிற்கின்றன.

வாசிக்கிறார். முழுத் தெருவும் கேட்கிறது. ஐந்தாவது தட்டு வரை கடிகாரம்போலப் போகிறார். ஆறாவதில் அந்த அழகான இடம் வருகிறது. அவருடைய விரல் மேலே நிற்கிறது. மேஸ்திரியின் கையும் மேலே நிற்கிறது.

நான் பேனாவை வைத்துவிடுகிறேன். ஒருமுறை அவசரப்பட்டு அவரை முடித்தவன் நான். இன்னொரு முறை முடிக்க எனக்குத் துணிவில்லை. இனி மேஸ்திரியின் கை உங்கள் கைதான், வாசகரே. ஏழு. எட்டு. இறக்குங்கள்.

அவருக்காக இன்னும் கொஞ்சம் பொறுக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றினால், பொறுங்கள். கீழ்ப்பிரிவிலும் எங்களுக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.